காலண்டர் அக்காவின் ஒன்பது நாள்

மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். அத்தனை பேருக்கும் மாதவிடாய்த் தேதி எப்போது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவள் ஒருத்திதான். அவளைக் காலண்டர் அக்கா என்போம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

அந்த ஞாபகசக்தியால் எங்களுக்கு ஆதாயம் உண்டு. வெட்டு மேசையில் நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும். எடை மேசையில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு முக்காலி இருக்கிறது. குளிர் அறையில் பெட்டி அடுக்கினால் மூக்கு நுனி மரத்துப்போகும். யார் எங்கே என்று மேற்பார்வையாளர் காலையில் தாள் ஒட்டுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா எங்களை மாற்றிவிடுவாள். "உனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள்தானே? போய் முக்காலில உக்காரு." வயிறு சுருட்டிப் பிடிக்கிறவளைக் குளிர் அறைப் பக்கமே விடமாட்டாள். மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பு திகுதிகுவென்று எரிகிறவர்களோ அங்கே போக அடித்துப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஐஸுக்குள் போக ஏன் இப்படிச் சண்டை என்று மேற்பார்வையாளருக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

உடை மாற்றும் அறையில்தான் எல்லாக் கதையும் வெளியே வரும். ஒருத்திக்கு நீர்க்கட்டி, ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்திக்கு மாதம் இருமுறை. "எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு" என்று ஒருத்தி தன் ஹார்மோன் மாத்திரையை அடுத்தவளிடம் நீட்டியபோது அக்கா வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். "இதென்ன மிட்டாயா, பங்கு போட்டுத் திங்க? டாக்டரைக் கேளு."

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அவளுக்கு நின்று பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் நிறைந்த அன்று விட்டது சனி என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். முன்பு ஒருமுறை நர்ஸ் ஒருவர் எங்களிடம் பேச வந்திருந்தார். நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டால்கூட டாக்டரிடம் காட்ட வேண்டும், பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது, ஆனால் காட்டாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது என்றார். அதை எங்களிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிக் காதைப் புண்ணாக்கியவள் அக்காதான்.

அந்த ஒரு சொட்டு ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கே பட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிற்பாடு அவளாகச் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்போது நாங்கள் கண்டதெல்லாம், குட்டி போட்ட பூனை மாதிரி அவள் அலைந்ததுதான். அடுக்கிய பெட்டியைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மணிக்கு இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனாள். ஒரு நாள் என்னை முக்காலியில் உட்காரச் சொன்னாள். "எனக்கு முடிஞ்சு ஒரு வாரமாச்சேக்கா" என்றேன். "சரி, நில்லு, எனக்கென்ன!" என்று எரிந்து விழுந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அக்கா தேதி தப்பி நான் பார்த்ததில்லை.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கூடப் பிறந்தவள் கர்ப்பப்பையில் புற்று வந்து செத்துப்போனவள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். போகாதவரை வெறும் உடம்புச் சூடு.

ஒன்பதாவது நாள் சாப்பாட்டு வேளையில் எடைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். எடை மேசையில் நிரந்தரமாக இருப்பவள், அக்காவைவிட இரண்டு வயது சின்னவள், இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "கேட்டீங்களா கூத்தை? எனக்கு நின்னு ஒன்றரை வருஷமாச்சு. மூணு நாளா மறுபடி படுது. குமரி ஆயிட்டேன் போலிருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தோம். அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "சூடுதான். தானா நின்னுடும்" என்றாள்.

"டாக்டர்கிட்ட காட்டணும்னு நீதானேக்கா சொல்லுவ?" என்று கேட்டேன்.

"நர்ஸு ஆயிரம் சொல்லும். நான் சொல்றேன்ல, ஒண்ணுமில்ல."

எடைக்காரிக்கு முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னாச் சரிதான்" என்று என் பெட்டியிலிருந்தும் இரண்டு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் அக்கா சொல்லுக்கு மேல் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை.

நான் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற இடம் குளிர் அறைக் கதவுக்கு நேர் எதிரே. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதவு நாலு தடவை திறந்தது. மூன்று தடவை அக்கா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலாவது தடவை குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே எடை மேசைக்கு நடந்தாள்.

"ஏய், மத்தியானம் நான் சொன்னது பொய்."

எடைக்காரி தராசிலிருந்து கையை எடுக்கவில்லை. "எது?"

"சூடுன்னது. எனக்கும் படுது, ஒன்பது நாளா. பயத்துல எனக்குச் சொல்லிக்கிட்டதையே உனக்கும் சொல்லிட்டேன். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா."

"நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். நீ பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த." எடைக்காரி இப்போது தராசிலிருந்து கையை எடுத்தாள். "உன்ன நம்பி நான் பாட்டுக்கு இருந்திருப்பேனேடி!"

அக்கா மேற்பார்வையாளரிடம் போய் மூன்று பேருக்கு அரை நாள் விடுப்புக் கேட்டாள். மூன்றாவது ஆள் நான். இவர்கள் இரண்டு பேரையும் தனியாக அனுப்ப எனக்குத் தைரியமில்லை. என்ன காரணம் என்று அவர் கேட்டார். அக்கா ஒளிவுமறைவில்லாமல் சத்தமாகச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "போங்க, போங்க" என்றார்.

பேருந்தில் எடைக்காரி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் தங்கள் இருவருக்கும் நடுவே என்னை உட்கார வைத்தாள். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி எழுந்தாள். எடைக்காரி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து யாரு?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அவ போகட்டும்" என்றாள் அக்கா.

எடைக்காரி விருட்டென்று எழுந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். "முதல்ல இவளப் பாருங்க. எனக்கு மூணு நாளு. இவளுக்கு ஒன்பது நாளு, வாயத் திறக்கல."

வாசலில் அக்கா மறு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடி" என்றாள்.

"எனக்கு மட்டும் இல்லையா?" எடைக்காரி பிடித்த கையை விடவில்லை. "கூட வர்றேன்கிறதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. நட."