மாவனல்லையில் வாங்கிய பேனா

மாமா ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் படம் வரைய எனக்கு இருந்தது மவுஸ் மட்டும்தான். மயில் வரைந்தால் கோழி வந்தது. ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும் அப்பா எட்டிப் பார்த்து, குழம்புக்கு ஆச்சு என்பார்.

ஒரு நாள் அக்கா, கம்ப்யூட்டரில் வரைகிற பேனா வாங்கலாம் என்று மாவனல்லைக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார முஸ்லிம் நானா இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார். ஒன்று தாம்பாளம் அளவு. மற்றது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பலகையில் பேனாவால் கிறுக்கினால் திரையில் கோடு விழுந்தது. நான் பெரியதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“சும்மா படம் வரையத்தானே மகள்? அதுக்குச் சின்னதே காணும். பெரிசு வாங்கினா சல்லி வீண்,” என்றார் நானா.

அக்கா பேனாவை என் விரல்களுக்குள் வைத்துப் பார்த்தாள். “அழுத்தாம எழுது பாப்பா. ஒன் கைக்கு இதுதான் சரி.”

அக்கா சின்னதையே வாங்கினாள். வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். சரியான கஞ்சப்பிசினாரி என்று மனசுக்குள் திட்டினேன். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக ஒப்புக்கொண்டதற்காக ஏஜென்ட் முன்கூட்டிக் கொடுத்த காசு அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. அப்பா பால் வெட்டும் கத்தியைக் கழுவிச் சாமி படத்தின் முன் வைத்தார். பிள்ளையின் ஆயுதம் சும்மா இருக்கலாமா என்று என் பலகையையும் பக்கத்தில் வைத்து, நட்டநடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். மறுநாள் பேனா அந்த இடத்தில் தடுக்கித் தடுக்கி நின்றது. லயமே கூடும்படி அழுதேன்.

அக்கா ஈரத்துணியால் துடைத்தாள். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

“அதான் போயிருச்சே, நீ ஏன் அழுவுற?” என்று கேட்டேன்.

“சாமி பொட்டை அழிச்சிட்டேன்ல,” என்றாள்.

அந்த வாரமே விடியக்காலையில் ஒரு வேன் வந்தது. அக்கா கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள் என்றார்கள். அவள் பையைக் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றேன், பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று. அவள் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வேன் வளைவில் திரும்பும்வரை அவள் என்னைத் தேடிக் கையாட்டினாளாம். அம்மா பிறகு சொன்னார். நான் அப்போது வீட்டுக்குள் இருந்தேன். பேனா ஞாபகம் வந்து அக்கா திரும்பி வந்துவிடக் கூடாதே சாமி என்று வேண்டிக்கொண்டே, பலகையையும் பேனாவையும் அரிசி டின்னுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தேன்.