பட்டை இல்லாத ராணி

எங்கள் ஸ்டாம்ப் சங்கத்தில் மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு மாடியில் கூடுவோம். பூ, பறவை, ரயில் என்று மற்றவர்கள் சேர்த்துவிட்டுப் போகட்டும். நாங்கள் பார்ப்பது பிரிட்டன்காரன் அன்றாடக் கடிதத்துக்கு ஒட்டுகிற சாதா ஸ்டாம்ப் மட்டும். ராணியின் தலை, ஒரு விலை, அவ்வளவுதான். ஆனால் நிறம், ஓரத்துப் பல் வரிசை, பின்பக்கப் பசை என்று ஒவ்வொன்றிலும் வித்தியாசம் உண்டு. "ஒரே பொம்பள மூஞ்சிய இத்தினி வருஷமா உத்து உத்துப் பாக்குறீங்களே, என்னை ஒரு தடவ அப்பிடிப் பாத்தீங்களா?" என்பாள் என் மனைவி. காபி கொடுத்துவிட்டுக் கேட்பதால் யாரும் பதில் சொல்வதில்லை.

கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்றும் அதில் இருக்கிறது. தபால் பிரிக்கும் இயந்திரம் கண்டுகொள்வதற்காக ஸ்டாம்பின் மேல் நெடுக்காகப் பட்டை அச்சடித்திருப்பார்கள். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால்தான் பட்டை தெரியும். எப்போதாவது அச்சில் பட்டை விட்டுப்போனால் அந்த ஸ்டாம்புக்குத் தனி மவுசு.

எங்களுக்கு ஸ்டாம்ப் வருவது மச்சான் வழியாக. என் தங்கை வீட்டுக்காரர், சிதம்பரத்தில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். தனக்குப் பிடித்தவனை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு நின்றது அப்பா மகள் பேச்சு. தங்கை இருந்தவரை நடுவில் நின்று சமாளித்தாள். அவள் போன பிறகு, வந்த கவர்களிலிருந்து வெட்டிய ஸ்டாம்புகளை மகள் பொட்டலமாக அனுப்ப ஆரம்பித்தாள். உள்ளே ஒரு வரி எழுத்து இருக்காது. இவரும் வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாசி மாதக் கூட்டத்தில், மச்சான் கொண்டுவந்த ஒரு சிவப்பு ராணி மேல் டார்ச் அடித்தோம். காகிதம் முழுக்க வெள்ளையாகப் பளிச்சிட்டது. பட்டையைக் காணோம்! மாடியே ரெண்டுபட்டது. சிதம்பரத்தில் நாங்கள் வைக்கப்போகும் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் இடம் என்று அங்கேயே முடிவானது. மச்சான் எழுந்து ஓரமாகப் போய் போன் போட்டார். "நீ அனுப்புனதுதாம்மா…" என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் அப்பாவும் மகளும் பேசினார்கள். ஸ்டாம்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

கண்காட்சிக்கு முதல் நாள் ஸ்டாம்பை வாங்கிவர மச்சான் வீட்டுக்குப் போனேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மச்சான் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்தார். வெளிச்சம் கைதவறி அவர் வேட்டி மேல் விழுந்தது. வேட்டியும் அதே வெள்ளையில் பளிச்சிட்டது.

"மச்சான், இத கவர்லேருந்து உரிக்க எதுல ஊற வெச்சீங்க?"

"தண்ணியிலதான். செவப்புக் கவரு, சாயம் ஒட்டிக்கிச்சு. அதான் கொஞ்சூண்டு சோப்புத்தூள் போட்டேன். ஏன்?"

துணி வெள்ளையாகத் தெரியச் சோப்புத்தூளில் ஏதோ சேர்க்கிறார்கள் அல்லவா, அது காகிதத்தில் ஏறிப் பட்டையை மறைத்துவிட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? ஸ்டாம்ப் என்ன பனியனா?" என்று கத்திவிட்டேன். சங்கத்தின் மானம் போகும் என்றேன், ஊரே சிரிக்கும் என்றேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"ஸ்டாம்ப் போனா போவுது மச்சான். இனிமே என்னா சொல்லி அவளுக்கு போன் பண்றது?"

அப்புறம் அவர் போனை நானே எடுத்து, மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"சோப்புத்தூளா! ஐயோ அப்பா!" விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்போ… துணியெல்லாம் நீயாவா தொவைக்கிற?"

மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.

"கேக்குறன்ல, சொல்லுப்பா."

"ஆமாம்மா. உங்கம்மா போனதுலேருந்து நாந்தான்."

அதற்குமேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. போனை யாரும் வைக்கவுமில்லை.