‘ரெண்டுல ஒண்ணு’ சார்

“கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்கிறார்.

எதிரே நிற்கும் கிரேன் டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர் வந்தது எந்தப் போன் வாங்கலாம் என்று யோசனை கேட்க. “என்ன சார், ஜோசியமா?”

“அட, காட்டுங்கய்யா.”

உள்ளங்கையைச் சார் பார்ப்பதில்லை. விரல் நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தம் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். பிறகு தம்முடைய போனை மேசைமேல் தள்ளி, “இதுல ஒரு நம்பர் அடிங்க. அவசரமில்ல” என்கிறார். கிரேன் டிரைவர் அடிக்கிறார். எண்கள் ஒழுங்காகத் திரையில் விழுகின்றன. “ம். இப்ப சொல்லுங்க. எந்த ரெண்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க?”

தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலை அது. அதன் ஸ்டோருக்கு இவர் பொறுப்பாளர். கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இரும்பு அலமாரிகள். எண்ணெய்த்தாளில் சுற்றிய பேரிங்குகள், கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரப்பர் வளையங்கள், எந்நேரமும் ஒரு கிரீஸ் வாடை. சாப்பாட்டு மணி அடித்ததும் அந்த ஜன்னல் வேறொரு கடையாகிவிடும். போன் வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள், பிள்ளைக்கு வாங்கித் தரவேண்டியவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பார்கள். எத்தனை மாடலோடு வந்தாலும் பேசிப் பேசி இரண்டாகக் குறைத்துவிடுவார். “கடைசியில எல்லாம் ரெண்டுல ஒண்ணுதாங்க” என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. முதலாளிகூட ஒருமுறை வாய்தவறி, “அந்த ரெண்டுல ஒண்ணை வரச் சொல்லு” என்றிருக்கிறார்.

விலையைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ முதலில் பேசமாட்டார். ஆளைப் பற்றித்தான் கேட்பார். “வெயில்ல நின்னு பேசுவீங்களா, நிழல்லயா?” “கடைசியா எப்ப கீழ போட்டீங்க? பொய் சொல்லாதீங்க.” “எடுக்கற போட்டோவையெல்லாம் திரும்ப எப்பவாவது பாக்கறீங்களா?” கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம், “ஈரக்கையோட எடுக்கறதுதானே உன் வழக்கம்? அப்ப கேமராவை மற. தண்ணி பட்டா தாங்கறதைப் பாரு” என்றார். விற்பனைப் பிரிவு இளைஞர் மூன்று கேமரா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, “மூணு கண்ணு இருந்தா மூணு மடங்கு தெரியும்னு யார் சொன்னது? ஒரு நாள் முழுக்க வண்டில சுத்தற ஆளு நீங்க. பேட்டரி செத்துப்போன போன்ல மூணு கண்ணு இருந்தா என்ன, முப்பது இருந்தா என்ன?” என்று கேட்டார். இளைஞர் இன்றுவரை மூன்று கேமராவோடு, அதைவிடக் கனமான ஒரு பேட்டரியையும் பையில் சுமந்து திரிகிறார். இவருடைய பேச்சு எல்லோரிடமும் எடுபடும் என்றும் சொல்வதற்கில்லை.

“ஊருக்கெல்லாம் போன் பாத்துக் குடுக்கறாரு. வீட்டுக்கு ஒரு போன் பண்ண வாய் வராது” என்பார் அவருடைய மனைவி. முன்பெல்லாம் இதற்கு இவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை.

கை பார்க்கும் வழக்கம் சமீபத்தில் வந்தது. அதற்குக் காரணம் அவருடைய அப்பா.

அப்பா தளம் போடும் மேஸ்திரி. ஊரில் பாதி வீடுகளின் தரை அவர் கையால் ஆனது என்று இவர் சின்ன வயதில் பீற்றிக்கொண்டதுண்டு. மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி தேய்ந்தது. சிமென்ட் தின்று தின்று விரல்நுனிகள் வழவழவென்று ஆகி, பிறகு காய்ந்து வெடித்தன. அம்மா போன பிறகு, நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடி அறையில் தனியாகவே இருந்துகொண்டார். “எங்க கூட வந்துடுங்க” என்று மகன் கூப்பிட்டபோது, “இங்கயே இருந்துக்கறேம்ப்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதில் இவருக்கு ஒரு சின்னக் கசப்பு.

ஆனால் சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். ஆலை சங்கு ஊதி, இவர் ஸ்டோரைப் பூட்டி, பஸ் நிறுத்தம் நோக்கி நடக்கிற நேரம் அப்பாவுக்கு அத்துபடி. பட்டன் தேய்ந்து எண்ணே தெரியாத ஒரு பழைய போனில் விரல் பழக்கத்திலேயே அடித்துவிடுவார். பேச்சுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. குழாய் ஒழுகுகிறது, கீழே இஸ்திரி போடுகிற அம்மாவுக்கும் மீன்காரருக்கும் சண்டை, படிக்கட்டுக்கு வந்து படுக்கிற மொட்டைவால் நாய் இன்று சாப்பிடவில்லை. இவர் “ம்”, “ம்” என்றபடி நடப்பார். பாதி காதில் விழும், பாதி ரோட்டில் விழும். பஸ் வந்ததும், “பஸ் வந்துடுச்சுப்பா” என்று வைத்துவிடுவார்.

அந்தப் பழைய போன் ஒரு நாள் அடியோடு நின்றது. அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: பெரிய பட்டன் வைத்த சாதாரண போன் ஒன்று, கண்ணாடிபோல் பளபளக்கும் பெரிய திரை போன் ஒன்று. அப்பாவின் கை தானாகப் பட்டன் போனுக்குப் போனது. எடுத்து டக் டக்கென்று அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இது போதும்ப்பா.”

“அப்பா, இது கால்குலேட்டர் மாதிரி இருக்கு. இதுல என் மூஞ்சி தெரியாது.”

“உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

கடைக்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். ஆனால் வாங்கியது பெரிய திரை போனைத்தான். தம் விரலாலேயே தேய்த்துக் காட்டினார், தம் விரலாலேயே எண்களைச் சேர்த்தார், தம் விரலாலேயே படம் எடுத்துக் காட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ்ஸில் போகும்போது பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். யார் வந்தாலும் அத்தனை கேள்வி கேட்கிற மனிதர், அன்றைக்கு அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாயங்கால போன் நின்றது.

பழகிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் நினைத்தார். இவரே கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகும். எப்போதாவது இஸ்திரி அம்மாவின் போனிலிருந்து அப்பா பேசுவார். அடுத்தவர் போன் என்பதால் அவசரம் அவசரமாக, “நல்லா இருக்கேன். வெச்சிடறேன்” என்பார். இவருக்கு எரிச்சல் வந்தது. “உங்களுக்குன்னு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்திருக்கேன். அப்புறம் எதுக்கு அடுத்தவங்க போன்ல பேசறீங்க?” என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டார். மறுமுனையிலிருந்து “சரிப்பா” என்று மட்டும் வந்தது. அத்தோடு இஸ்திரி அம்மாவின் போனிலிருந்து வருவதும் நின்றது.

நம்மோடு வந்து இருக்கச் சொன்னதில் ஏதோ கோபம், அதுதான் போனை எடுக்காமல் இருக்கிறார் என்று இவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். “ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்று மனைவி சொன்னார். “அவருக்கே வேணாம்னா நான் எதுக்குப் போய் நிக்கணும்?” என்று வீம்பு பிடித்தார். மழைக்காலம் முடிந்தது, குளிர் வந்து போனது, வெயிலும் ஏறிவிட்டது.

அப்போதுதான் ஒரு நாள் சந்தையில் இஸ்திரி அம்மாவைப் பார்த்தார். “அப்பாவுக்கு இப்ப தேவலையா? நாங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டோம். வந்து பாத்தா மனுஷன் காய்ச்சல்ல சுருண்டு கெடக்கறாரு. எத்தனை நாளோ தெரியல. உங்களுக்கு ஏன் ஒரு போன் போடலைன்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டாரு” என்றார் அவர்.

இவருக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. செத்தாலும் சொல்லமாட்டாராமா? “இன்னைக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தம் பட்டப்பெயரைத் தாமே சொல்கிறோம் என்பதுகூட உறைக்கவில்லை.

மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் அப்பாவின் ஜன்னல். பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாகக் கரைந்திருந்தார். எதிரே மேசைமேல் போன், ஒட்டிய தாளைக்கூட உரிக்காமல், துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஈரத்துணியும். இப்போது எடுக்கிறாரா இல்லையா, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று இவர் வெளியே நின்றபடியே எண்ணை அழுத்தினார்.

மணி அடித்ததும் அப்பா பதறி எழுந்தார். விரலை ஈரத்துணியில் ஒற்றினார், திரையில் இழுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு விரலை ஒற்றி இழுத்தார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, மெதுவாகக் குனிந்து, மூக்கால் அந்தத் திரையைத் தள்ளினார். ஒரு முறை, இரண்டு முறை. மூக்கின் நுனி வழுக்கி வழுக்கிப் போனது. மணி நின்றுவிட்டது. அப்பா குனிந்தபடியே, “போச்சு” என்றார். பிறகு நிமிர்ந்து, திரையில் பட்ட ஈரத்தைத் துண்டால் பக்குவமாகத் துடைத்தார்.

இவர் ஜன்னலுக்கு வெளியே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த விரல்களைப் பற்றித் தெரியாமலா இருந்தது? ஒரு முறை வங்கியில் கைரேகை விழவில்லை என்று அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். கூடப் போயிருந்தவர் இவர்தான். “மனுஷன் உழைச்ச கையிங்க இது. ரேகை எங்கேர்ந்து வரும்?” என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டதும் இவர்தான்.

உள்ளே போனபோது கோபம் எதுவும் மிச்சமில்லை. “ஏம்ப்பா சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

அப்பாதான் குற்றம் செய்தவர்போல் நெளிந்தார். “போன் நல்ல போன்தாம்ப்பா. என் கைதான் சரியில்ல.”

அன்றைக்கே பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்பா டக் டக்கென்று அழுத்துகிறார். சாயங்காலம் மறுபடியும் மணி அடிக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் பழைய பேச்சு வரவில்லை. “சும்மாதான் போட்டேன். வேலையா இருப்ப, வெச்சிடறேன்” என்கிறார் அப்பா. இவர் விடாமல் எதையாவது கேட்டுப் பார்க்கிறார். ஒருநாள், “அந்த மொட்டைவால் நாய் எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டார்.

“அது செத்துப்போய் ரொம்ப நாளாச்சேப்பா. மழையில. உன்கிட்ட நான் சொல்லல?”

“சொன்னீங்கப்பா” என்றார் இவர். “மறந்துட்டேன்.”

இன்று சங்கு ஊதியாகிவிட்டது. ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் அழைப்பு வருகிறது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், பிள்ளைகள் சுகமா, சுகம். “சரிப்பா, வெச்சிடறேன்.” சிவப்புப் பட்டனை அழுத்த அப்பா மறந்துவிடுகிறார், போனை அப்படியே மேசைமேல் வைப்பது கேட்கிறது. நாற்காலி நகர்கிறது. செருப்பு இழுபடுகிறது. தண்ணீர் சொட்டுகிறது. “இந்தக் கொழாயை எத்தனை தரம்தான் இறுக்கறது” என்று அப்பா சொல்கிறார், யாரிடமும் இல்லாமல். பிறகு கீழே இஸ்திரிக் கடையில் புதிதாக ஏதோ சச்சரவாம், அதைத் தொடங்குகிறார், நிதானமாக, முதலிலிருந்து.

லேத் பிரிவு ஆட்கள் சத்தம் போட்டுச் சிரித்தபடி வராந்தாவில் வருகிறார்கள். இவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, இங்கே இருக்கும் இரைச்சல் அங்கே போய்விடாதபடி, போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார்.