ஏணி பிடிக்க வராதவர்கள் கொண்டுவந்த கொடி

தலைவரே!

ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. சின்ன வயதில் நானும் விளையாட்டுக்கு அப்படித்தான் கூப்பிடுவேன். "ஏனுங்க தலைவரே, சோறுண்ண வாங்க" என்பேன். நீங்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மனு எழுதிக் குடுத்தீங்களா அம்மிணி?" என்று கேட்டபடி வந்து உட்காருவீர்கள். போன மாதம்கூட அப்படிக் கூப்பிட்டேன். இனி யாரைக் கூப்பிடுவது?

என் அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கோபத்தில் எழுதுவதால் இன்னும் கோணலாக இருக்கும். பரவாயில்லை. அவர் செத்த அன்றைக்கு எங்கள் ஊட்டு வாசலில் நின்று பேசினார்களே பெரிய மனுஷர்கள், அவர்கள் பேச்சு கோணாமல்தான் இருந்தது. அத்தனையும் பொய்.

எங்கள் ஊர் மாரமங்கலத்துக்கும் உள்ளே. பஸ்ஸை விட்டு இறங்கிக் காப்பித் தோட்டங்களுக்குள் நடக்க வேண்டும். அப்பா அங்கே பஞ்சாயத்துத் தலைவர். அதற்கு முன்னாலிருந்தே கட்சிக்காரர். எங்கள் ஊட்டு முன்னால் கட்சிக் கொடிக்கம்பம் அவர் கையால் குழி பறித்து நட்டது. மழையில் கொடி நனைந்தால் இறக்கிக்கொண்டு வந்து அடுப்புக்கு மேலே காயப்போடுவார். அம்மா திட்டுவாள். "என் சேலை ஈரமா கெடக்குது, அது கண்ணுக்குத் தெரியலீங்களா? கட்சிக்குத்தான் சளி புடிச்சுக்குமாட்ட இருக்குது."

ஒரு மழைக்காலத்து மத்தியானம் ஒன்றியச் செயலாளர் ஜீப்பில் வந்தார். எங்கள் மலைக்கு அவர்தான் கட்சி. அவரோடு மூன்று பேர். புதுமுகங்கள். எங்கள் ஊரில் ஊட்டுக்கு வந்தவரை முதலில் உண்ணச் சொல்வோம். உண்டு கை கழுவுகிற வரை யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டோம். உண்டுவிட்டால் அவர் நம்ம ஊட்டு ஆள். அவருக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. அவரும் நமக்கு நினைக்கக் கூடாது. இது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அம்மா ராகிக் களி கிண்டினாள். அவரைக்கொட்டைக் குழம்பு. நான்தான் பரிமாறினேன். மூன்று பேரில் சின்னவர் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்க்கத் தெரியாமல் மென்று கொண்டிருந்தார். "மெல்லாதீங்க, முழுங்கோணும்" என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "பழகிடுவன் தங்கச்சி. இன்னும் கொஞ்சம் குழம்பு தாங்கோ" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்று. அவர்கள் படுகிற பாட்டுக்காக ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அப்பா ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காமல் உட்கார்ந்தவர். அந்தச் சின்னவருக்கு இன்னும் ஒரு உருண்டை வைக்கச் சொன்னதும் அவர்தான்.

"எஸ்டேட்டுல கொஞ்ச நாள் இருப்பாங்க தலைவரே. ஆராச்சும் கேட்டா வேலைக்கு வந்த மேஸ்திரிங்கன்னு சொல்லிப்போடுங்க" என்றார் செயலாளர். எங்கள் ஊரை ஒட்டி ஒரு எஸ்டேட் உண்டு. முதலாளி வெளியூரில். காப்பிப் பழம் அரைக்கிற கொட்டாய் சீசன் முடிந்தால் பூட்டிக் கிடக்கும். அங்கேதான் அவர்களைத் தங்கவைத்தார்கள். அப்பாவும் சரி என்றார்.

கொஞ்ச நாள் கழித்துக் குடிதண்ணிக் குழாய் உடைந்துவிட்டது என்று பார்க்கப் போனார். குழாய் அந்தக் கொட்டாய்க்குப் பின்னால்தான் போகிறது. திரும்பி வந்தவர் முகம் சரியில்லை. தண்ணி குடிக்கவில்லை, சட்டையைக் கழற்றவில்லை, கொடிக்கம்பத்தடியில் போய் நின்றார். அம்மா கேட்டதற்கு, "கெணறு வெட்டற தோட்டா. பொட்டி பொட்டியா அடுக்கி வெச்சிருக்கறானுங்க. கூரை முட்ட" என்றார்.

பாறை உடைக்கிற அந்த வெடி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிணறு வெட்டும்போது ஒன்றிரண்டு வைப்பார்கள். அதற்கே மாட்டையும் பிள்ளைகளையும் தூரமாக ஓட்டிவிட்டுக் கூவுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுச் சந்தைக்குக் கொய்யாப்பழக் கூடையோடு நான் போனேன். அப்பாவும் அதே பஸ்ஸில் வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கட்சி ஆபீசுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"ஏனுங்க, அந்தக் கொட்டாயில என்ன வெச்சிருக்கறீங்க?"

"உரமுங்க தலைவரே."

"உரத்துக்கு எதுக்குங்க திரி?"

செயலாளர் சிரித்தார். "செரி, கெணத்து வெடிதான். அதுக்கென்ன இப்ப?"

"இந்த மலையில இருக்கற அத்தனை கெணத்தையும் மூடிப்போட்டு மறுக்கா வெட்டினாலும் அத்தனை தோட்டா ஆவாதுங்களே."

"மேல இருந்து சொல்லியிருக்கறாங்க. நீங்க பாக்கலீன்னு நெனச்சுக்குங்க."

"பாத்துட்டனுங்களே."

"தலைவரே, கட்சிக்காரனாப் பேசுங்க."

"கட்சிக்காரனாத்தானுங்க உங்ககிட்ட வந்து நிக்கறன். இல்லாட்டி நேரா ஸ்டேசனுக்குப் போயிருப்பனில்ல? அந்தப் பசங்க கஷ்டம் நெசம். நானும் பட்டினி கெடந்தவன்தான். அதுக்காவ நம்ம நாட்டுக்குள்ள வெடியைக் கொண்டாந்து ஒளிச்சு வெக்கறதா? இன்னிக்கு அந்தப் பக்கம் வெடிக்குது. நாளைக்கு இந்தப் பக்கம் வெடிக்காதுன்னு எவன் கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்? நீங்க போடுவீங்களா?"

செயலாளர் மேசை மேல் கிடந்த பேப்பரைப் புரட்டினார்.

"செவ்வாக்கெழமைக்குள்ள எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போய்ச் சொல்லிப்போடுவன்."

"ஆருகிட்டச் சொல்லுவீங்க? இங்க எவன் கேப்பான்? சேலத்துக்குத்தான் போகோணும் நீங்க."

"போறனுங்க. பஸ் இருக்குதில்ல."

அப்பா போகமாட்டார் என்றுதான் கட்சிக்காரர்கள் நினைத்தார்கள். கொடியை அடுப்பில் காயவைக்கிற ஆள் கட்சியைக் காட்டிக் கொடுப்பாரா? செவ்வாய்க்கிழமை போனது. பெட்டிகள் அப்படியே இருந்தன. புதன்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். கரை வேட்டி கட்டவில்லை. அப்படி அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"நம்மூட்ல உண்டவனுங்க. சோத்தைப் போட்டுட்டு..." என்றாள். அழத் தொடங்கினாள்.

அப்பா நின்றார். "உண்டவனுக்கு நான் கெடுதல் பண்ணக் கூடாது, செரி. உண்டவன் மட்டும் எங்கூருக்குக் கீழ வெடியை வெச்சுட்டு எங்கிட்ட மேஸ்திரின்னு சொல்லலாமா? மறைச்சு உண்டா அது என்ன ஒறவு?" என்றார். அம்மா வழிவிட்டாள். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை.

அப்பா சேலத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் போலீஸ் லாரி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். அந்த மூன்று பேரையும் ஏற்றினார்கள். எங்கள் ஊட்டைத் தாண்டித்தான் லாரி போக வேண்டும். சின்னவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் அவர்களைக் கூட்டி வந்து, எங்கள் சோற்றைத் தின்னவைத்து, கடைசியில் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையை உதறிய செயலாளர் மேல்தான். அவர் மேல் ஒரு தூசிகூட விழவில்லை.

ஒரு வாரத்தில் அப்பாவைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். ஆள் அனுப்பிக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள். கம்பத்தைத் தூக்கிப் போனார்கள். கொடி சேற்றில் கிடந்தது. அப்பா எடுத்துவந்து அலசினார். "எரிச்சுப்போடுங்கப்பா" என்றேன். "கொடி என்ன பண்ணுச்சு சாமி?" என்று சொல்லி மடித்து ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தார். "நான் செத்தா இதை எம்மேல போத்துங்க. அவனுங்க குடுக்கமாட்டானுங்க. இது என்னுது."

கட்சி கைவிட்டதுகூடப் போகட்டும். ஊர் கைவிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சோத்தைப் போட்டுக் காட்டிக் குடுத்தவன்" என்று பேர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. வேறு மாதிரி சொன்னார்கள். மிளகு பறிக்கிற காலத்தில் எங்கள் ஊரில் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் மாறி மாறிப் போவோம். இன்றைக்கு நீ என் ஏணியைப் பிடி, நாளைக்கு நான் உன் ஏணியைப் பிடிக்கிறேன். சில்வர் ஓக் மரம் ஆகாசத்துக்கு வளர்ந்து நிற்கும். மிளகுக்கொடி அதன் உச்சி வரை ஏறும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தித்தான் ஏற வேண்டும். கீழே பிடிக்க ஆள் இல்லாமல் யாரும் ஏறமாட்டார்கள். அந்த வருஷம் அப்பா ஊடு ஊடாகப் போய்க் கூப்பிட்டார். ஒருத்தருக்கு இடுப்புவலி. ஒருத்தருக்கு மாமனார் ஊட்டில் விசேஷம். யாரும் வரவில்லை. அம்மாவும் நானும்தான் பிடித்தோம்.

அடுத்த மே மாதம், நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே குண்டு வெடித்துப் பெரிய தலைவர் ஒருவர் செத்தார். ரேடியோவில் கேட்டோம். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நாஞ் சொன்னன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். தெருவில் நின்று கத்தினேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு ஊருக்குள் பேச்சு அடங்கியது. பக்கத்து ஊட்டுப் பெரியப்பா ஒரு பலாப்பழத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அப்பா சிரித்தார். "மன்னிப்பைப் பழமாக் குடுக்கறாரு. வாயைத் தொறக்காட்டி போவுது. சொளை நல்லா இருக்குது பாரு." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணி பிடிக்க அந்தப் பெரியப்பாவும் வரவில்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் வராமலே இருப்பது பழக்கமாகிவிட்டது. வந்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

இப்படியே வருஷங்கள் போயின. இந்த வருஷம் மிளகுக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். நான் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன், ஏறாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பழுத்த சரம் உதிர்கிறதே என்று ஏறிவிட்டார். நான் வரும்போது ஏணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கூடை மட்டும் மரத்தில் தொங்கியது. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் திறக்கவே இல்லை.

சாவு ஊட்டுக்கு யார் வந்தார் தெரியுமா? அதே செயலாளர். தேர்தல் வருகிறதல்லவா. ஜீப்பில் மாலை, போட்டோ பிடிக்க ஒரு ஆள், கவரைப் பிரிக்காத புதுக் கொடி. வாசலில் நின்று, "கட்சியை விட நாடு பெருசுன்னு நின்ன மானஸ்தன். அப்பேர்ப்பட்டவரைக் குடுத்தது நம்ம கட்சி" என்று பேசினார். ஊர் சனம் கேட்டுக்கொண்டு நின்றது. கொடியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் அப்பாவின் கால்மாட்டில் எழுந்து நின்றேன்.

"போத்தாதீங்க."

"ஏன் கண்ணு? தலைவர் நம்ம ஆளு. மரியாதை பண்ண வேண்டாமா?"

"நீக்கினது ஆருங்க?"

"அது அப்பத்திய சூழ்நிலை கண்ணு. உனக்குப் புரியாது."

"மரியாதை பண்ணோணும்னா ஏணி புடிக்க வந்திருக்கலாமுங்களே."

அதைச் செயலாளருக்குச் சொன்னேனா, அவருக்குப் பின்னால் நின்ற ஊருக்குச் சொன்னேனா, எனக்கே தெரியாது. பெரியப்பா மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் மனசில் எந்தக் கொடியும் அவர் மேல் படக்கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே. ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். சாயம் போய், மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. சேற்றுக்கறை ஒரு மூலையில் அப்படியே இருந்தது. அதைத்தான் போர்த்தினேன். "குழியில வெக்கறப்ப எடுக்கக் கூடாது" என்று தூக்கிப்போனவர்களிடம் சொல்லி அனுப்பினேன். பெரியப்பா எடுக்கவிடவில்லையாம். செயலாளர் புதுக் கொடியை மடித்துத் திரும்பவும் கவருக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வேறு சாவுக்கு ஆகும்.

தலைவரே, நீங்கள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுச் செய்தீர்கள். நாள் கொடுத்துச் செய்தீர்கள். அதை இந்த மலையில் சத்தமாகச் சொல்ல ஆள் இல்லை என்றுதான் நான் எழுதினேன்.

இதைப் படிக்கிற எல்லோரும் என் அப்பாவுக்காக ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி. எங்கள் ஊர்க்காரர்களே, நீங்களும் சேர்வராயன் கோயிலுக்கு மலை ஏறும்போது அவர் பேரைச் சொல்லிக் கும்பிடுங்கள். பலாப்பழம் வேண்டாம், வாயைத் திறந்து சொல்லுங்கள். எங்கள் ஊட்டில் களி உண்ட அண்ணா, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, உயிரோடு இருந்தால் நீங்களும் அவருக்காகக் கும்பிடுங்கள்.