சரக்கு லிஃப்டில் ஒரு ஜெபம்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில், சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நானும் தோழி செல்வியும் ஆட்கள் ஏறக்கூடாத சரக்கு லிஃப்டில் ஏறினோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. கதவைத் தட்டிக் கத்தியும் யாரும் வரவில்லை. செல்விக்கு மூச்சு வாங்கியது.

“யக்கா, நீதான் சர்ச்சுக்குப் போறியே, ஜெபம் பண்ணுக்கா!”

கணவர் இறந்ததிலிருந்து நான் ஜெபிப்பதையே விட்டுவிட்டது அவளுக்குத் தெரியாது. மனப்பாடமான ஜெபம்கூட வாயில் வரவில்லை.

“ஆண்டவரே, உம்மேல கோவமாத்தான் கீறேன். நீர் கேக்குறீரான்னுகூடத் தெரியல. ஆனா இவ பயந்துகினு கீறா. இவளைப் பாத்துக்கும்.”

செல்வி என் கையை இறுக்கிப் பிடித்து, “ஆமென்” என்றாள்.

கதவு திறக்க வெகுநேரமானது.

இப்போது படியேறித்தான் போகிறேன். தினமும் ஜெபிக்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை; அதையும் அவரிடமே சொல்கிறேன்.

– எஸ்தர், வாலாஜாபாத்