பாறை மேலிருந்து ஒரு வீடியோ கால்

கல்யாணம், காதுகுத்தை நடக்கிற இடத்திலிருந்தே வெளியூருக்கு நேரலையில் காட்டுவது என் பிழைப்பு. "ஹலோ, கேக்குதா? தெரியுதா?" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன நண்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

போடிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக் கோயில் விழாவைக் காட்ட, சாட்டிலைட் இன்டர்நெட் பெட்டியோடு மலையேறினேன். போய்ச் சேர்ந்ததும் அடைமழை. விழா நின்றது. போடிமெட்டு ரோட்டில் பாறை சரிந்து, யாரும் கீழே இறங்க முடியவில்லை. தோட்டத்தில் செல்போன் சிக்னல் என்றைக்குமே கிடையாது. ஊரோடு பேச என் பெட்டி ஒன்றுதான் வழி.

வானம் எங்கே?

பெட்டிக்குள் இருப்பது சப்பையான ஒரு ஆன்டெனா. அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஏலச்செடிக்கோ நிழல் வேண்டும். தோட்டம் முழுக்க மரம். ஜீப்பு ஓட்டும் செல்வம் அண்ணன் ஆன்டெனாவைக் கூரையில் கட்டி, சந்து பொந்தெல்லாம் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் ஓடைக்கு மேலே ஒரு மொட்டைப் பாறையில் லைன் கிடைத்தது. இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "லோடு ஏத்தியிருக்கேன், ஆளு ஏத்தியிருக்கேன். வானத்தத் தேடி வண்டி ஓட்டுனது இன்னைக்குத்தாம்ப்பா!"

மாமன் மடி

தோட்டத்து மேஸ்திரி பாண்டியின் தங்கை மகளுக்கு அன்றைக்குத்தான் கீழே தேவாரம் ஊரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். மாமனோ மலையில் மாட்டிக்கொண்டார். வீடியோவில் கூப்பிட்டோம். ஆசாரியைப் பார்த்ததுமே பிள்ளை வீல் என்று அலறியது. தங்கை பிள்ளையைத் தன் மடியில் உட்காரவைத்து, பிள்ளையின் மடியில் போனை வைத்தாள். பாண்டி பாறையில் நின்று, கையைத் தும்பிக்கையாக ஆட்டி, யானை மாதிரிப் பிளிறினார். பிள்ளை வாய் பிளந்து பார்த்த நேரத்தில் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை: "அண்ணே, முறை மாறிப்போச்சு. இன்னைக்கு மாமன்தான் மருமக மடியில உக்காந்திருக்கான்!"

நல்ல பிள்ளை

மறுநாள் முத்துவின் முறை. தோட்ட வேலைக்கு வந்தவர். மனைவி ஈஸ்வரி போடி ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் இருந்தாள். தூறலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பாறையை விட்டு அவர் நகரவே இல்லை. மேகம் கவிந்தால் லைன் போகும், விலகினால் வரும். செல்வம் அண்ணன் கொடுத்த பாலில்லாத கட்டன்காப்பி கையிலேயே ஆறிப்போனது.

மத்தியானம் மச்சினன் கூப்பிட்டான். திரையில் துணிக்குள் ஒரு குட்டி முகம், பக்கத்தில் ஈஸ்வரி. "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்கோம், அழுகாதீக" என்றாள். அதற்குள் அவர் அழுதுவிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் லைன் போய், படம் அப்படியே நின்றுபோனது. அது தெரியாமல் முத்து, தொட்டில் கட்டுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது வரை மகளிடம் பேசிக்கொண்டே போனார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேசி முடித்து, பெருமையாக என் பக்கம் திரும்பினார்: "பாத்தீகளாண்ணே, எம்புட்டு நல்ல பிள்ள! அப்பன் பேசுனா கண்ணக்கூட இமைக்காமக் கேக்குது!"

ஆக, ஆகாயத்தில் ஓடுகிற சாட்டிலைட்டைக்கூடச் சுலபமாகப் பிடித்துவிடலாம். படம் நின்றுபோனால் நாம் பேசுவதும் அந்தப் பக்கம் போகாது என்று நம் சனத்துக்குப் புரியவைப்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சோலி.