வலமாக ஒரு சுற்று

காடு வெட்டித் திருத்திய காலத்தில் பாலைமரக் கொப்பொன்று முறிந்து என் கணவரின் தலையில் விழுந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்து வந்தார். நடந்தார், கதைத்தார், மண்வெட்டி பிடித்தார். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

"கண்ணிலை பிழையில்லை. அடிபட்ட மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்குதில்லை," என்றார் டொக்டர்.

தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானோ போட்டனீர்?" என்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். வலக் கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு எழும்புவார். சுட்டிக்காட்டினால் கோபம் மூக்குக்கு மேல் வரும். வயலிலும் அதே கதைதான். வலக்கைப் பக்கத்துப் புல்லைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பெருமையடிப்பார். மதியம் அவர் கண்ணயர்ந்த பிறகு மிச்சத்தை நான் பிடுங்குவேன்.

என் பயமெல்லாம் காணியைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு நிலமும் இல்லாமல்தான் அரசாங்கம் காணி கொடுத்த இந்தக் குடியேற்றத்துக்கு வந்தோம். பாடுபட ஏலாதவரின் காணிப் பெர்மிட்டை இரத்துச் செய்வார்கள். அடுத்த வாய்க்கால் குடியிருப்பில் ஒருவருக்குச் செய்தும் விட்டார்கள்.

புதிதாக வந்த காணி அதிகாரி வயல் பார்க்க வருவதாக ஒருநாள் விடியவே சொல்லி அனுப்பினார்கள்.

"இஞ்சாருங்கோ, ஐயாவை வலமாகக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றேன் என் கணவரிடம்.

"ஏன், இதென்ன கோயிலே?"

"முதல் விளைச்சல். அப்பிடித்தான் சுத்தவேணும்."

வலமாகச் சுற்றினால் வயல் முழுதும் அவருடைய வலக்கைப் பக்கமே இருக்கும். சாமி என்னை மன்னிக்கட்டும்.

அதிகாரி முன்னால், என் கணவர் நடுவில், சேறும் சகதியுமாக நான் பின்னால். கூலிக்காரி என்றுதான் அந்த மனுசன் நினைத்திருப்பார். தண்ணீர் பாய்ச்சியதையும் பூச்சி விழுந்ததையும் என் கணவர் தெளிவாகச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று மூலை கடந்தோம்.

நாலாவது மூலையில் அதிகாரி அவருக்கு வலப்பக்கமாக நின்று புத்தகத்தை விரித்தார். பின்னால் வந்த நான் இடப்பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டேன்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?" என்று அதிகாரி கேட்டார்.

"இஞ்சாரும்!" என்று என் கணவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் இடப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தினமும் நடப்பதுதான். குரலைத் தேடி வலப்பக்கமாகவே சுழன்று சுழன்று பார்ப்பார். கண்டவுடன் எவருக்கும் விளங்கிவிடும். வாயை இறுக்கி மூடினேன்.

"இஞ்சாரும்!" இரண்டாம் முறை குரல் உடைந்தது. "விடிய நிண்டவா, ஐயா. எங்கை போனாவோ தெரியேல்லை. என்னை விட்டிட்டுப் போகமாட்டா."

கையை நீட்டினால் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். நான் நீட்டவில்லை.

"பரவாயில்லை," என்று சொல்லி அதிகாரி கையெழுத்து வைத்தார்.

ஜீப் சத்தம் அடங்கிய பிறகுதான் அவருடைய வலப்பக்கம் சுற்றி வந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எங்கை போனனீர்? பயந்துபோனன்."

"கிணத்தடிக்கு," என்றேன்.

காணி எங்களிடம் நின்றது. பக்கத்தில்தான் நின்றேன் என்று அவருக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை.